சத்தம் போடாத விதி

பிப்ரவரி மாதத்து ஒரு திங்கட்கிழமை, காலை பத்தே கால் மணிக்கு, முனியசாமியின் திரையில் ‘எச்சரிக்கைகள்: 0’ என்று வந்தது. பக்கத்து மேசை அப்ஸானா எட்டிப் பார்த்துவிட்டுத் தன் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றினாள். கணினிப் பிரிவின் தலைவர் கலீல் ரஹ்மான் கண்ணாடி அறையிலிருந்து எழுந்து வந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, குனிந்து, அந்தப் பூஜ்ஜியத்தைக் கொஞ்ச நேரம் ரசித்தார். பிறகு கீழே இருக்கும் கடைக்குப் போன் போட்டு ஐந்து கரக் சாயாவும் ஒரு தட்டு சமோசாவும் சொன்னார். அவர் கைக்காசில் சாயா வந்து வெகுநாள் ஆகியிருந்தது.

முனியசாமி மட்டும் சமோசாவைக் கையில் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னப்பா, காஸ் அடிச்சவன் மாதிரி உக்காந்திருக்கே?” என்றார் கலீல் ரஹ்மான்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு சமோசாவைக் கடித்தான். அவர் சும்மா சொன்ன காஸ்தான் அவன் மனசிலும் ஓடிக்கொண்டிருந்தது.

சாயல்குடிக்கு அந்தப் பக்கத்து ஊர் அவனுக்கு. ஐடிஐயில் ஃபிட்டர் படித்துவிட்டு, பதினான்கு வருஷத்துக்கு முன்னால் வளைகுடாவில் இருக்கும் புஜைராவுக்கு டேங்கு கழுவுகிற வேலைக்கு ஹெல்பராக வந்தான். துறைமுகத்தை ஒட்டிய எண்ணெய்க் கிடங்கு அது. நாற்பத்திரண்டு டேங்குகள், ஒவ்வொன்றும் ஊர்ப்பக்கத்துக் கண்மாயைத் தூக்கி நிறுத்தினது போல. ஐந்து வருஷம் கழித்து அவனைக் காஸ் டெஸ்டராக ஆக்கினார்கள். காலியான டேங்குக்குள் ஆள் இறங்குவதற்கு முன்னால் மீட்டரை உள்ளே விட்டு, விஷக்காற்று இருக்கிறதா, மூச்சு விடக் காற்று இருக்கிறதா என்று பார்த்துச் சீட்டில் கையெழுத்துப் போடுகிற வேலை. அவன் கையெழுத்து இல்லாமல் இன்ஜினியரே ஆனாலும் உள்ளே தலையை நீட்ட முடியாது. ஆளைத் திருப்பி அனுப்பினால் திட்டுவார்கள். ஒன்பது வருஷம் பல பாஷைகளில் திட்டு வாங்கியிருக்கிறான்.

அந்த அளவுகளை எல்லாம் கணினியில் ஏற்ற வேண்டியிருந்ததால் எக்ஸெல் வந்தது. எக்ஸெல் வழியாகப் புரோகிராம் எழுதுகிற ஆசை வந்தது. கோடையில் மூன்று மாதம் மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரைக்கும் வெயிலில் வேலை கூடாது என்று சட்டம் உண்டு. கூலர் ஓடும் கொட்டகையில் மற்றவர்கள் துண்டை விரித்துத் தூங்குவார்கள். இவன் போனை வைத்துக்கொண்டு பைத்தான் என்கிற புரோகிராம் மொழியைப் படித்தான். அப்படி நான்கு கோடை. புரியாத இடத்தை நோட்டில் எழுதிவைத்து, மறுநாள் மதியம் அதே இடத்திலிருந்து தொடங்குவான். புரிகிற வரைக்கும் அடுத்த பக்கத்துக்குப் போக மாட்டான். ஒரே ஒரு பக்கத்தில் இருபத்திரண்டு நாள் உட்கார்ந்த கதையும் உண்டு.

அவன் எழுதின முதல் உருப்படியான புரோகிராம், காஸ் பதிவேட்டைப் படித்துச் சந்தேகமான வரிகளைக் காட்டுவது. நாலு நாள் தொடர்ந்து அளவு ஒரு புள்ளி மாறாமல் இருந்தால், அளந்து எழுதினதா, முந்தின நாளைப் பார்த்து எழுதினதா என்று கேட்க வேண்டுமல்லவா? இரண்டு பேர் மாட்டினார்கள். விஷயம் கலீல் ரஹ்மான் காதுக்குப் போயிற்று. காயல்பட்டினத்துக்காரர், நிதானமான மனிதர். ஆளை வரச் சொல்லிப் பேசிப் பார்த்தார். “எழுதினதைப் படிச்சுத் தப்புக் கண்டுபிடிக்கிறே. எங்கிட்டேயும் அதே வேலைதான் இருக்கு, ஏசி ரூம்ல” என்றார்.

மூன்று மாதம் சோதனை முறையில் எடுத்துக்கொண்டார்கள். அந்த மூன்று மாதம் வருகிற வியாழக்கிழமையோடு முடிகிறது. தலைமை அலுவலகத்துப் பாதுகாப்பு அதிகாரி மர்ஜானா வந்து வேலையைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் பதவி நிரந்தரம். போடாவிட்டால் மறுபடி டேங்கு வேலை, நீலக் ‘கவரால்’ உடுப்பு. காஸ் டெஸ்டர் சம்பளத்துக்குக் குடும்ப விசா கிடையாது, புதுப் பதவிக்கு உண்டு. மனைவி உமாராணியும் ஆறு வயது சந்தியாவும் சாயல்குடியில் இருந்தார்கள். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் லீவு லீவாகக் கூட்டிப் பார்த்தால் அவர்கள் சேர்ந்திருந்தது பதினோரு மாதம். ஏப்ரலில் புஜைராவில் பள்ளிக்கூடம் திறக்கும்போது அங்கே இருப்போம் என்று உமாராணி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். பெட்டி கூட வாங்கியாகிவிட்டது, சிவப்புக் கலரில்.

இனி, திரையில் வந்த பூஜ்ஜியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முந்தின வருஷம் இருபத்தேழாம் நம்பர் டேங்கில் அளவுக் கருவியைப் பழுதுபார்க்க, எண்ணெய் நிரம்பினால் அடிக்கும் அலாரத்தை முடக்கினார்கள். வேலை முடிந்தது, ஆட்கள் போய்விட்டார்கள், அலாரத்தைத் திரும்பப் போட யாருக்கும் ஞாபகம் வரவில்லை. பத்தொன்பது மணி நேரம் அந்த டேங்கு வாயைக் கட்டினதுபோல் இருந்தது. அதற்குள் ஒரு கப்பலிலிருந்து எண்ணெய் ஏற்றவும் ஆரம்பித்துவிட்டார்கள். ரவுண்ட்ஸ் போன ஆள் கண்ணால் பார்த்து நிறுத்தினதால் ஒரு சொட்டும் வழியவில்லை. விசாரித்ததில், குற்றம் கிடங்கின் சொந்த மென்பொருளில் இருந்தது. அலாரத்தை முடக்க வரி எழுதினவர், நேரம் கழித்துத் தானாகத் திரும்பப் போட வரி எழுதவில்லை.

இப்படிப்பட்ட வரி இனி எங்கேயும் இருக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. மென்பொருளோ லட்சத்துக்கும் மேலே வரிகள். மனுஷன் உட்கார்ந்து படிக்க முடியாது. அதற்குத்தான் லின்ட் என்று ஒரு கருவி இருக்கிறது. புரோகிராமை ஓட்டிப் பார்க்காமல், எழுதினதை எழுதினபடியே படித்து, ‘இந்த வரி சரியில்லை’ என்று எச்சரிக்கை தரும். பொதுவான தப்புகளுக்கு விதிகள் அதனுடன் கூடவே வரும். நமக்கென்று உள்ள தப்புகளுக்கு நாமேதான் விதி எழுதிச் சேர்க்க வேண்டும். ‘முடக்கினால் திரும்பப் போடு’ என்கிற அந்த ஒரு விதியை எழுதுவதுதான் முனியசாமியின் மூன்று மாத வேலை.

முதல் தடவை ஓட்டியபோது இருநூற்றுப் பதினான்கு எச்சரிக்கைகள். ‘இங்கே அலாரத்தை முடக்காதீர்கள்’ என்று அப்ஸானா குறிப்பு எழுதி வைத்திருந்த இடத்தைக்கூட அது விடவில்லை. அப்ஸானா ஷார்ஜாவில் பிறந்து வளர்ந்தவள், நாகூர் அவளுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை போகிற ஊர். “அண்ணா, உங்க ரூல் என்னைப் பார்த்தா மட்டும்தான் குரைக்குது, சீரியஸ்லி” என்றாள். மற்ற இரண்டு புரோகிராமர்களும் அவன் வருவதைப் பார்த்தால் லொள் லொள் என்று குரல் கொடுத்தார்கள்.

முனியசாமி கோபப்படவில்லை. சும்மா சும்மா அடிக்கிற மீட்டரை என்ன செய்வார்கள் என்று அவனுக்குத் தெரியும்: பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள். அதனால் வெறும் சொல்லைத் தேடுவதை விட்டுவிட்டு, வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்பதுபோல் நிரலின் அமைப்பைப் பிரித்துப் பார்க்கும்படி விதியை மாற்றி எழுதினான். இரண்டு பட்டியல் வைத்துக்கொண்டான். ஒன்றில், விதி கட்டாயம் அடிக்க வேண்டிய தப்பு வரிகள். இன்னொன்றில், அடிக்கவே கூடாத நல்ல வரிகள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டையும் ஓட்டிப் பார்ப்பான். இருநூற்றுப் பதினான்கு அறுபதாயிற்று, அறுபது பதினொன்றாயிற்று. அந்தப் பதினொன்றும் உண்மையான தப்பு. அப்ஸானாவும் மற்றவர்களும் திருத்தினார்கள். லொள் சத்தம் நின்றது. கடைசியில் திங்கட்கிழமை பூஜ்ஜியம்.

சாயா குடித்து முடித்த கையோடு அந்தப் பூஜ்ஜியத்தைக் கலீல் ரஹ்மான் மர்ஜானாவுக்கு மெயிலில் அனுப்பிவிட்டார்.

மீட்டர் சத்தம் போடாமல் இருக்க இரண்டு காரணம் உண்டு. உள்ளே காஸ் இல்லாமல் இருக்கலாம், அல்லது மீட்டர் செத்துப் போயிருக்கலாம். வெளியே நிற்பவனுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால்தான் காஸ் டெஸ்டர்கள் தினமும் காலையில் ஒரு சின்னச் சிலிண்டரிலிருந்து தெரிந்த காஸை மீட்டருக்குக் காட்டி, அது அடிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டேங்குப் பக்கம் போவார்கள். முனியசாமி அன்று மத்தியானம் அதைத்தான் செய்தான். நிரலின் நகல் ஒன்றை எடுத்து, நாற்பது இடங்களில் வேண்டுமென்றே தப்பு வரியைச் செருகி ஓட்டினான். நாற்பதும் அடித்தன. விதி உயிரோடுதான் இருந்தது.

ஆனாலும் மனசு ஒப்பவில்லை. டேங்கு வேலையில் இருந்தபோது ஒரு தடவை, சிலிண்டருக்கு ஒழுங்காக அடித்த மீட்டர், டேங்குக்குள் வாயைத் திறக்கவில்லை. இறங்கின ஆளுக்குத் தலை சுற்றி, கயிற்றைக் கட்டி வெளியே எடுத்தார்கள். உள்ளே இருந்தது வேறு ஜாதிக் காஸ். அந்த மீட்டருக்கு அதை முகரத் தெரியாது. அது ஞாபகம் வந்ததும் தன் பட்டியலை எடுத்துப் பார்த்தான். தப்பு வரிகள் அத்தனையும் அவனே யோசித்து, அவனே எழுதினவை. அவனுக்குத் தோன்றின தப்பைத்தான் அவன் விதிக்குப் பிடிக்கத் தெரியும்.

அடுத்தவன் செய்த அசல் தப்பு ஒன்று வேண்டும். அப்படி ஒன்று கையிலேயே இருந்தது. செவ்வாய்க்கிழமை அவன் அப்ஸானாவிடம், இருபத்தேழாம் டேங்கு விஷயம் நடந்த அன்றைக்கு நிரல் எப்படி இருந்ததோ, அதைத் திருத்துவதற்கு முன்னால் இருந்தபடியே தோண்டி எடுத்துத் தரச் சொன்னான். வியாழக்கிழமை வரைக்கும் எதையும் தொடாமல் இருந்தால் என்ன என்று அவள் முனகினாள். முனகிக்கொண்டே எடுத்தும் கொடுத்தாள். புதன் காலையில் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து விதியை அதன் மேல் ஓட்டினார்கள்.

பூஜ்ஜியம்.

எந்தத் தப்பைப் பிடிப்பதற்காக அந்த விதியை எழுதச் சொன்னார்களோ, அந்தத் தப்பையே அது தாண்டிப் போயிருந்தது.

முனியசாமி விரலால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டே படித்தான். முடக்குகிற கட்டளை அந்த இடத்தில் இல்லவே இல்லை. அதற்குப் பதிலாக, அரபியில் ‘முடிந்தது’ என்று பொருள்படும் ‘கலாஸ்’ என்று ஒரு கட்டளை இருந்தது. போன வருஷம் வேலையை விட்டுப் போன ஒருவர் எழுதி வைத்த குறுக்குவழி. அதைத் திறந்து பார்த்தால், அதற்குள்தான் முடக்குகிற கட்டளை உட்கார்ந்திருந்தது.

இது எங்கிருந்து வந்தது என்று கேட்க அவன் கன்ட்ரோல் ரூமுக்குப் போனான். அங்கே ஆப்பரேட்டர் ஆகில் டூட்டியில் இருந்தான், கீழக்கரைப் பையன், முனியசாமியை டேங்கு நாளிலிருந்தே தெரியும். ஆகில் தன் திரையின் ஓரத்தைக் காட்டினான். மஞ்சள் கலரில் ஒரு பட்டன், அதன் மேல் இங்கிலீஷ் எழுத்தில் கலாஸ்.

“நாங்கதாண்ணே கேட்டு வாங்கினோம். பாகிஸ்தானி இருக்காரு, பிலிப்பைன்ஸ்காரரு இருக்காரு, அரபி இருக்காரு. முடக்குறதுக்கு சப்ரஸ், இன்ஹிபிட்டுன்னு எழுதுனா ஆளுக்கு ஒண்ணு நெனப்பாங்க. கலாஸ்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே.”

முனியசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சோறு தின்று முடித்தால் கலாஸ், டூட்டி முடிந்தால் கலாஸ், போனில் சண்டை முடிந்தால் கலாஸ் என்று பதினான்கு வருஷமாகச் சொல்லி வருகிறவன், கணினி என்றதும் அங்கே எல்லாம் புத்தகத்து இங்கிலீஷாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டி, கையேட்டில் இருந்த பெயர்களை மட்டும் விதிக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான்.

கலாஸையும் பட்டியலில் சேர்த்துவிட்டால் முடிந்தது என்றாள் அப்ஸானா. நாளைக்கு ஒருவன் ‘போதும்’ என்பதற்கு இந்தியில் ‘பஸ்’ என்று பெயர் வைப்பான், அதற்கடுத்தவன் ‘இல்லை’ என்பதற்கு அரபியில் ‘மாஃபி’ என்று வைப்பான், எத்தனையைச் சேர்ப்பது என்று கேட்டான் முனியசாமி. பெயரையே பார்க்கக் கூடாது. எந்தக் கட்டளையானாலும் அதற்குள் நுழைந்து, அது கூப்பிடுகிற அடுத்ததற்குள்ளும் நுழைந்து, கடைசியில் அலாரத்தின் சுவிட்சைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். யோசிக்கக் கொஞ்ச நேரமும் எழுத அதைவிடக் கொஞ்ச நேரமும் ஆயிற்று. நல்ல வரிகள், தப்பு வரிகள் இரண்டு பட்டியலையும் ஓட்டிச் சரிபார்த்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முழு நிரல் மேலும் ஓட்டினான்.

முப்பத்தொன்று.

கன்டீனில் சோறும் சாம்பாரும் வாங்கி வைத்துக்கொண்டு அவன் பிசையாமல் உட்கார்ந்திருந்தான். எதிரில் உட்கார்ந்த அப்ஸானா குரலைத் தாழ்த்தினாள்.

“அண்ணா, நாளைக்கு ஒரு நாள்தானே. சைன் ஆகட்டும். மண்டே நாமளே சொல்லிடலாம், புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சோம்னு. அது பொய் கூட இல்லையே.”

அவள் கெட்டதுக்குச் சொல்லவில்லை. அவனும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. உண்மையில் அந்த யோசனை அவளுக்கு முன்னால் அவனுக்கே வந்துவிட்டது. நான்கு நாளில் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. சிவப்புப் பெட்டி கண் முன்னால் வந்தது. பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆறின சோற்றைச் சாப்பிட்டான்.

மூன்று மணிக்கு முப்பத்தொன்றையும் அச்செடுத்துக்கொண்டு மறுபடி ஆகிலிடம் போனான். எது நிஜமான தப்பு, எது வேறு இடத்தில் திரும்பப் போடுவதால் பரவாயில்லை என்று ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். இருபத்திரண்டு பரவாயில்லை. ஒன்பது நிஜம். அந்த ஒன்பதில் ஒன்றைப் பார்த்ததும் ஆகில் விரலை வைத்து நிறுத்தினான். தீயணைக்கும் தண்ணீர்த் தொட்டியின் அலாரம் அது. தண்ணீர் குறைந்தால் அடிக்க வேண்டியது. பெயின்ட் அடிக்க வந்தவர்களுக்காக முடக்கியிருந்தார்கள். பெயின்ட் காய்ந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது என்பது வேறு விஷயம். ஆகில் அலாரத்தைத் திரும்பப் போட்டான். எழுந்துபோய்த் தடித்த பதிவுப் புத்தகத்தை எடுத்து வந்து திறந்தான். கன்ட்ரோல் ரூமில் எதைத் தொட்டாலும், எப்போது தெரிய வந்தது, யாரால் தெரிய வந்தது என்று எழுதியாக வேண்டும். பேனாவைத் திறந்துவிட்டு முனியசாமியை நிமிர்ந்து பார்த்தான். வியாழக்கிழமை விஷயம் கிடங்கில் தெரியாதவர்கள் யார்?

“அண்ணே, கட்டத்துல நேரம் போடணும். இன்னைக்குன்னு போடவா, வர்ற திங்கக்கிழமைன்னு போடவா?”

முனியசாமி அந்தக் கட்டத்தைப் பார்த்தான். ஒன்பது வருஷம் அவன் நிரப்பின சீட்டுகளிலும் அதே கட்டம்தான் இருந்தது.

“இன்னைக்குன்னே போடு. மணி மூணு நாப்பது.”

கலீல் ரஹ்மானிடம் அதற்கப்புறம் சொல்லப் போனபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பூஜ்ஜியம் என்று மெயில் போட்டாயிற்றே என்றார். முப்பத்தொன்று என்று இன்னொன்று போடுங்கள் சார் என்றான் முனியசாமி. ஊரில் யாராவது இப்படித் தன் வீட்டுக்குத் தானே பூட்டுப் போட்டுக்கொண்டு வெளியே நிற்பானா என்று கேட்டார். கேட்டுவிட்டு மெயிலை அடிக்க ஆரம்பித்தார்.

மர்ஜானா வியாழக்கிழமை பத்து மணிக்கு வந்தார். பக்கத்து ஊரான கல்பாவைச் சேர்ந்த எமிராத்திப் பெண்மணி, அந்த நாட்டுக்காரர், ஐம்பது வயதிருக்கும். கறுப்பு அபாயாவும் வெள்ளை ஹெல்மெட்டுமாக முதலில் தண்ணீர்த் தொட்டியைப் போய் நேரில் பார்த்துவிட்டுத்தான் அலுவலகத்துக்கு ஏறினார். முனியசாமி இங்கிலீஷும் இந்தியுமாகக் கலந்து எல்லாவற்றையும் சொன்னான். மீட்டர், சிலிண்டர், வேறு ஜாதிக் காஸ், கலாஸ் பட்டன் எதையும் விடவில்லை. பட்டன் கதைக்கு அவர் வாய்விட்டுச் சிரித்தார். கலீல் ரஹ்மான் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

ஆனால் மர்ஜானா கையெழுத்துப் போடவில்லை. திங்கட்கிழமைப் பூஜ்ஜியத்தையும் நீதான் கொடுத்தாய், புதன்கிழமை முப்பத்தொன்றையும் நீதான் கொடுத்தாய், அடுத்த பூஜ்ஜியத்தை நான் எதை வைத்து நம்புவது என்று கேட்டார். கேள்வியில் கோபம் இல்லை. பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். முனியசாமியிடம் அப்போது பதில் இல்லை. இல்லை என்றே சொன்னான். ஒரு மாதம் தருகிறேன், ஒன்பதையும் திருத்துங்கள், அந்தக் கேள்விக்குப் பதிலை எழுதிக் கொண்டு வாருங்கள் என்று காகிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னான். உமாராணி முழுக்கக் கேட்டாள். சரி என்று வைத்துவிட்டாள். மறுநாள் போன் போட்டால் சந்தியாதான் எடுத்தது.

“அம்மா குளிக்கிறாகளாம்.”

“குளிக்கிறாகளாமா? யாரு சொன்னா?”

“அம்மாதான் சொல்லச் சொன்னாக.”

இப்படி இரண்டு நாள். மூன்றாவது நாள் உமாராணியே வாங்கிப் பேசினாள். தெருவில் அம்புட்டுப் பேருக்கும் பதில் சொல்லி வாய் வலிக்கிறது என்று ஆரம்பித்து, பெட்டி விலை வரைக்கும் திட்டித் தீர்த்தாள். மூச்சு வாங்க நிறுத்தினவள், அந்தத் தொட்டிப் பக்கத்தில் ஆட்கள் வேலை பார்க்கிறார்களா என்று கேட்டாள். பார்க்கிறார்கள் என்றான். “அப்ப என்னத்தச் சொல்ல. அந்த ஒரு மாசத்தையாவது ஒழுங்காப் பாருங்க” என்றாள்.

ஒழுங்காகப் பார்க்க அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. தான் எழுதின தப்பைத் தானே பிடிப்பதில் அர்த்தமில்லை. மற்றவர்கள் எழுத வேண்டும், அதுவும் அவன் விதியைப் பார்க்காமல் எழுத வேண்டும். மார்ச்சில் நோன்பு தொடங்கி வேலை நேரம் குறைந்திருந்தது. அவன் ஒரு போட்டி வைத்தான். விதிக்குத் தெரியாமல் அலாரத்தை முடக்கிக் காட்டுகிறவர்களுக்குப் பரிசு. பரிசு என்ன என்று அப்ஸானா கேட்டபோது, கலீல் ரஹ்மான் தன் மனைவி ஹபீபுன்னிசா காய்ச்சும் நோன்புக் கஞ்சி ஒரு தூக்குச்சட்டி என்று அறிவித்துவிட்டார். அந்தக் கஞ்சிக்குப் புஜைரா முழுக்கப் பெயர். அதற்கப்புறம் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. லொள் சத்தம் கொடுத்த இரண்டு பேரும் ஒரு வாரம் ரகசியமாக உட்கார்ந்து எழுதினார்கள். அப்ஸானா எட்டுக் கட்டளைகளை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்துக் கொண்டுவந்தாள். விதி எட்டையும் பிரித்துப் பிடித்துவிட்டது. அவள் போட்ட முறைப்பில் ஏசியே தேவைப்படவில்லை.

ஜெயித்தது ஆகில். அவனுக்குப் புரோகிராம் எழுதத் தெரியாது. வந்து வாயால் சொன்னான்.

“அலாரத்தை எதுக்குண்ணே முடக்கணும்? அடிக்கிற அளவை டேங்கு உயரத்துக்கு மேல வெச்சுட்டாப் போதுமே. அலாரம் ஆன்லதான் இருக்கும். ஜென்மத்துக்கும் அடிக்காது.”

கலீல் ரஹ்மான் கேட்டார்: “இது உனக்கு எப்படிப்பா தோணிச்சு?”

“சும்மா தோணிச்சு சார். நான் செஞ்சேன்னு சொல்லலையே.”

முனியசாமி அன்றைக்கே இரண்டாவது விதியை எழுத உட்கார்ந்தான். ஆகில் தூக்குச்சட்டியோடு போனான்.

மாதக் கடைசியில் அவன் மர்ஜானாவுக்கு எழுதிக் கொடுத்தது இரண்டு பக்கம். ஒன்பது தப்பும் திருத்தியாகிவிட்டது. விதியைப் பார்க்காத ஐந்து பேர் சேர்ந்து நாற்பத்தாறு தப்புகளைச் செய்து கொடுத்தார்கள். நாற்பத்தைந்தை விதி பிடித்தது. பிடிக்காத ஒன்றுக்குத் தனி விதி எழுதப்பட்டிருக்கிறது. இனி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இதே போட்டி நடக்கும். பூஜ்ஜியம் என்று அறிக்கை அனுப்பும்போது, கடைசியாக எப்போது எந்தத் தப்பைக் காட்டி விதியை அடிக்க வைத்தோம் என்பதையும் சேர்த்து அனுப்புவோம். மர்ஜானா இரண்டு பக்கத்தையும் நின்றபடியே படித்தார். கடைசி வரியின் கீழே கோடு போட்டார், அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார். மற்றக் கிடங்குகளுக்கும் இதை அனுப்பலாமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

முனியசாமி வெளியே வந்து உமாராணிக்குப் போன் போட்டான். அவள் சந்தோஷப்படவில்லை. பேப்பரைப் போட்டோ பிடித்து அனுப்பச் சொன்னாள். அனுப்பினான். முக்கால் மணி நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அவளே கூப்பிட்டாள்.

“பள்ளிக்கூடத்துல கொண்டுபோய்க் குடுத்தேன். டீச்சர் படிச்சுப் பாத்துட்டு நெசந்தான்னு சொல்லிட்டாக.”

“நான் சொன்னா நெசமில்லையா?”

“மாசியிலயும் நீங்க இப்பிடித்தான சொன்னீக.”

விசா வந்து சேர ஏப்ரல் கடைசியாகிவிடும், புஜைராவில் பள்ளிக்கூடம் திறந்து மூன்று வாரம் போயிருக்கும், சின்னப் பரீட்சை வைத்துச் சேர்த்துக்கொள்கிறோம் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள் என்று எடுத்துச் சொன்னான். அதெல்லாம் சந்தியா எழுதிவிடும் என்று அவள் தள்ளிவிட்டாள். அவளுக்கு வேறு கவலை இருந்தது.

“அங்க இட்லிச் சட்டி கெடைக்குமா, இங்கருந்து கொண்டாரவா?”

“எல்லாம் கெடைக்கும். வெறும் கைய வீசிக்கிட்டு வா.”

“கெடைக்கும்னா? எந்தக் கடையில, எத்தனை தட்டு?”

அது அவனுக்குத் தெரியவில்லை. பதினான்கு வருஷத்தில் அந்த ஊரில் அவன் இட்லிச் சட்டி தேடினதில்லை. போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டு, டூட்டி முடிந்ததும் நேரே கடைத்தெருப் பக்கம் நடந்தான்.